சுக்கான் சக்கரம் ரொம்ப இறுக்கம், ஒர்க்‌ஷாப் கிரீஸை அடிக்கலாமா?

தோட்டத்து_ஸ்பேனர்:

வணக்கம். ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். டிராக்டர், குலை ஏற்றும் லோரி, ஜெனரேட்டர் எல்லாம் பார்ப்பேன். படகுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மாசி மகத்துக்குப் பங்கோர் ஃபெரி ஏறுவதோடு சரி. இப்போது என் மாமா, லுமுட்டில் நேவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ மெக்கானிக்தானே, இதைப் பாரு" என்று என் தலையில் கட்டிவிட்டார். நவம்பரில் லங்காவி வரை ஓட்டிப் போகணுமாம்.

36 அடி ஃபைபர் படகு. பின்பக்கம் நடுவில் ஒரு தூண், அதில் பெரிய சக்கரம், தூணின் தலையில் காம்பஸ். தூணுக்குள் சங்கிலி, சங்கிலியின் இரண்டு முனையிலும் கம்பி, அந்தக் கம்பி கப்பிகளில் சுற்றி அடியில் இருக்கிற அரைவட்ட அலுமினியத் துண்டுக்குப் போகிறது. அதைத்தான் குவாட்ரன்ட் என்று மாமா சொல்கிறார். அது சுக்கான் தண்டில் பூட்டியிருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் சக்கரம் இறுக்கம், ஆனால் அதே நேரம் ஆட்டமும் இருக்கிறது. இரண்டு விரல் அகலம் சக்கரம் சும்மா திரும்பிய பிறகுதான் சுக்கான் அசைய ஆரம்பிக்கிறது, அசைந்தால் பவர் ஸ்டீயரிங் போன லோரி மாதிரி கனம். இடப்பக்கம் திருப்பினால் முனகல் வேறு. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், இடப்பக்கக் கப்பிக்குக் கீழே கறுப்பாகத் தூள் கொட்டிக் கிடக்கிறது. சுக்கான் தண்டு கீழே இறங்குகிற குழாயில் ஒரு கிரீஸ் நிப்பிளும் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஈபி 2 லித்தியம் கிரீஸ் டிரம் கணக்கில் இருக்கிறது, கன்னும் இருக்கிறது. சங்கிலி, கம்பி, கப்பி, தண்டு எல்லாவற்றுக்கும் அதையே அடித்துவிட்டால் போதுமா, இல்லை கடலுக்கென்று தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டீல்_கப்பி:

டபிள்யூடி-40 ஒரு டின் வாங்கி எல்லா இடத்திலும் அடி ப்ரோ. முனகல் நின்றுவிடும். நான் என் மீன்பிடிப் படகுக்கு அதுதான் செய்கிறேன்.

லுமுட்_ரிக்கர்:

முனகல் நிற்கும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். அந்த டின்னில் இருப்பது ஈரத்தை விரட்டுகிற சரக்கு, 1953-இல் அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். துருப்பிடித்த நட்டைக் கழற்ற, பழைய அழுக்கைக் கரைத்துத் துடைக்க அதை அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் பாரம் தாங்குகிற இடத்தில் அது நிற்காது, போதாக்குறைக்கு ஏற்கெனவே இருக்கிற நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஸ்பேனர் தம்பி, நான் படகுப் பட்டறையில் பாய்மரக் கம்பி வேலை செய்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கன்னை முதலில் கீழே வை. இறுக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் அடிக்காதே, ஏனென்றால் நீ சொல்கிற மூன்றும் மூன்று வேறு நோய். கனம் ஒன்று, ஆட்டம் ஒன்று, கறுப்புத் தூள் ஒன்று. இதில் எண்ணெய் கிரீஸால் தீரக்கூடியது பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது.

படகு கட்டியிருக்கும்போதே குவாட்ரன்டிலிருந்து இரண்டு கம்பியையும் கழற்று. கழற்றும் முன் சுக்கானை நேராக வைத்து, சக்கரத்தின் மேல் ஆரத்தில் டேப் ஒட்டி, கம்பி முனையைப் பிடித்திருக்கிற ஐபோல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள். அடியில் ஆட்டோபைலட் கை தனியாகத் தண்டில் பூட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடு, அதன் ராம், அதாவது தள்ளுகிற தண்டு, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆளை ஏமாற்றும். இப்போது சக்கரத்தைத் தனியாகச் சுற்று. விரலால் தட்டிவிட்டால் ஓட வேண்டும். அப்புறம் அடியில் போய்க் குவாட்ரன்டைக் கையால் இப்படி அப்படித் தள்ளு. நின்ற தண்ணீரில் ஒரு கையால் சாதாரணமாக அசைய வேண்டும். எது முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் வேலை. நீ அடியில் கையை வைத்திருக்கும்போது மேலே யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது, கம்பி பூட்டியிருக்கும்போது இது இன்னும் முக்கியம், குவாட்ரன்டுக்கும் அதன் தடுப்புக்கும் நடுவில் விரல் மாட்டினால் விரல் இல்லை. நேவிக்காரர் மாமாவுக்கு நீ சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடு.

சரி, எதற்கு எது போடுவது என்று கேட்டாயே.

தூணின் தலையில் காம்பஸைக் கழற்றினால் சக்கரத்தின் அச்சு தெரியும். அச்சுக்கு முன்னும் பின்னும் ஊசி பேரிங், அவற்றுக்கு நேர் மேலே சின்ன ஓட்டைகள் பல தூண்களில் இருக்கும். தண்ணீரில் கரையாத கிரீஸ் கொஞ்சம் அதில் அழுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே விடு, அது உள்ளே போய்விடும். கை நிறைய அப்பாதே. பக்கத்திலேயே சக்கரத்தைப் பூட்டும் பிரேக்கின் பட்டை இருக்கும், அதில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் பிரேக் வழுக்கும். காம்பஸ் கழன்று இருக்கும்போது காந்த முனை ஸ்குரூடிரைவரை அதன் பக்கத்தில் போடாதே.

சங்கிலிக்கு எஸ்ஏஇ 30 மோட்டார் எண்ணெய். அவ்வளவுதான், கடல் பெயர் போட்ட விலை உயர்ந்த டின் ஒன்றும் வேண்டாம். துணியில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் சொட்டு விட்டு, சக்கரத்தை முழுக்க ஒரு பக்கம், முழுக்க மறுபக்கம் சுற்றி மிச்சத்தைத் துடைத்துவிடு. கம்பிக்கும் அதே எண்ணெய்தான், ஆனால் வேறு விதமாக: டிஷ்யூ பேப்பரில் எண்ணெய் விட்டு கம்பியைப் பிடித்து நீளத்துக்கும் இழுத்துக்கொண்டே போ. வெறும் விரலால் செய்யாதே. அறுந்த இழை ஒன்று இருந்தாலும் பேப்பர் அதில் மாட்டிக் கிழியும். கிழிந்த இடம் எங்கே என்று பார், தொண்ணூறு வீதம் கப்பியின் மேல் வளைகிற இடமாக இருக்கும். ஒரு இழைதானே என்று வெட்டிவிட்டு ஓட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், கம்பியை மாற்று. ஐந்து வருடத்துக்கு மேல் ஆன கம்பி என்றால் இழை அறுந்திருக்கிறதோ இல்லையோ கழற்றி எடுத்து முழுசாகப் பார்க்க வேண்டும், மாமா வாங்கிய படகில் அது எப்போது போட்டது என்று யாருக்குத் தெரியும்.

கப்பிக்கு அதன் நடு ஊசியில் எண்ணெய். கப்பியைச் சுற்றிவிட்டு ஊசியின் இரு பக்கமும் விடு.

கறுப்புத் தூள்தான் எனக்குக் கவலை. அது கப்பியின் கன்னத்தில் கம்பி உரசி வந்த உலோகம். கம்பி கப்பியின் பள்ளத்தில் நேராக இறங்கவில்லை, சாய்ந்து இறங்குகிறது. கப்பி நகர்ந்திருக்கிறது, இல்லை அது பூட்டியிருக்கிற பலகை நகர்ந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது.

பழைய_ஃபோர்மேன்:

ரிக்கர் தம்பி சொல்வதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் இந்த ஊர் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் எத்தனை நாள் நிற்கும்? கிரீஸ் என்றால் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தண்ணீர் உள்ளே போகாது. பால்மரக் காலத்திலிருந்து எத்தனையோ மிஷின் சங்கிலிக்குக் கிரீஸ் பூசியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

மில்_ஃபிட்டர்_அக்கா:

ஐயா, மன்னிக்கணும், மில்லில் தினமும் சங்கிலியோடு வாழ்கிறவள் சொல்கிறேன். ரோலர் சங்கிலி தேய்வது வெளியே இல்லை, ஊசிக்கும் அதைச் சுற்றியிருக்கிற புஷ்ஷுக்கும் நடுவில். அந்த இடைவெளி மயிரிழை. எண்ணெய் அதில் ஊர்ந்து போகும், கெட்டிக் கிரீஸ் போகாது, வெளியிலேயே பூசிக்கொண்டு பார்க்க அழகாக இருக்கும். போதாததற்குத் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்து அரைக்கும் மாவு ஆக்கிவிடும். கொஞ்ச நாளில் எண்ணெய் பிரிந்து போய் மிச்சம் மெழுகு மாதிரி காய்ந்து, கண்ணி மடங்காமல் நிற்கும். பல் சக்கரத்தில் ஏறும்போது மடங்காத கண்ணி என்றால் ஆபத்துதான்.

எண்ணெய் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. அடிக்கடி விட வேண்டியதுதான். தூணுக்குள் மழை நேரடியாகப் படாது, காம்பஸ் அடியில் உள்ள ரப்பர் நன்றாக இருந்தால்.

ஸ்பேனர் தம்பிக்கு உன் டிரம் பற்றி. லித்தியம் கிரீஸ் லோரிக்கு நல்லது, தண்ணீரில் தொடர்ந்து ஊறுகிற இடத்துக்கு அவ்வளவு நல்லதில்லை, மெல்ல மெல்லக் கழுவிப் போகும். கால்சியம் சல்ஃபோனேட் என்று டப்பாவில் எழுதியிருக்கிற கிரீஸ் கேள், உப்புத் தண்ணீருக்கும் துருவுக்கும் அது கெட்டி. மில்லில் ஈரமான இடங்களுக்கு அதுதான் போடுகிறோம். இன்னொன்று, அந்த நிப்பிளில் ஏற்கெனவே எந்த ஜாதி கிரீஸ் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. கிரீஸைக் கெட்டியாக்குகிற சோப்பு வகை வேறு வேறாக இருந்து இரண்டும் கலந்தால் சில சமயம் தண்ணீராக இளகி ஒழுகும், சில சமயம் கெட்டிப்படும். பழையது முழுக்க வெளியே வரும்வரை புதியதைத் தள்ளு, இல்லை கழற்றிச் சுத்தம் செய்.

யாராவது வந்து சமையல் பாம் எண்ணெய் விடச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், தோட்டத்தில் இந்த யோசனை அடிக்கடி வரும். காற்றுப் பட்டால் பிசுக்காகிவிடும், கதவுக் கீலுக்குக்கூட வேண்டாம்.

லுமுட்_ரிக்கர்:

அக்கா சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. நிப்பிள் விஷயம் மட்டும்: அதற்குள் என்ன புஷ் என்று தெரியும்வரை பம்ப் பண்ணாதே. வெண்கலப் புஷ், இல்லை ஃபைபர் குழாய்க்குள் தண்டு நேரடியாகச் சுற்றுகிற பழைய அமைப்பு என்றால் கிரீஸ் வேண்டும். சில புதுப் படகுகளில் பிளாஸ்டிக் உருளை பேரிங் இருக்கும், அதற்குக் கிரீஸே ஆகாது, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் போதும்.

தோட்டத்து_ஸ்பேனர்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு போய் ரிக்கர் அண்ணன் சொன்னபடி கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். இதோ கிடைத்தது.

சக்கரம் தனியாக நன்றாகச் சுற்றுகிறது. கொஞ்சம் வறட்சியாக இருந்தது, காம்பஸைக் கழற்றி எண்ணெய், கிரீஸ் எல்லாம் விட்டாகிவிட்டது, இப்போது தட்டினால் ஓடுகிறது. சங்கிலியில் யாரோ முன்பு கிரீஸ் பூசியிருக்கிறார்கள், ஃபோர்மேன் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், அக்கா சொன்ன அதே மெழுகுதான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பிரஷ் போட்டேன். இரண்டு கண்ணி மடங்காமல் நின்றது, இப்போது மடங்குகிறது. இன்ஜின் த்ராட்டில் கேபிள் ஒன்று தூணுக்குள் சங்கிலியில் உரசி உறை தேய்ந்திருந்தது, அதை ஒதுக்கிக் கட்டினேன்.

டிஷ்யூ பேப்பர் இடப்பக்கக் கம்பியில் கிழிந்தது, அண்ணன் சொன்ன இடத்திலேயே, கப்பி வளைவில். டார்ச்சில் உற்றுப் பார்த்தால் மீன் முள் மாதிரி இழைகள் எழுந்து நிற்கின்றன. அந்தக் கப்பி பூட்டியிருக்கிற ப்ளைவுட் பலகையில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கேக்கில் போவது போல் உள்ளே போகிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது, பலகைதான் உளுத்துக் கப்பியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. தூள் எங்கிருந்து வந்தது, ஆட்டம் எங்கிருந்து வந்தது இரண்டும் புரிந்துவிட்டது, பாரம் வரும்போதெல்லாம் பலகை வளைந்து கொடுத்திருக்கிறது.

ஆனால் கனம் அங்கே இல்லை. குவாட்ரன்டைக் கையால் தள்ளினால் இரண்டு கையும் போட்டு உந்த வேண்டியிருக்கிறது. தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஒரு பேக்கிங் நட் இருக்கிறது, அதைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், கொஞ்சம் தண்ணீர் கசிந்தது, கனம் அப்படியேதான். திரும்ப இறுக்கிவிட்டேன். மேல் புஷ் வெள்ளை பிளாஸ்டிக். முந்தைய சொந்தக்காரர் லேத்தில் கடைந்து போட்டதாம். தண்டு துருப்பிடிக்காத எஃகு. கீழ் புஷ் என்னவென்று மேலிருந்து தெரியவில்லை.

மில்_ஃபிட்டர்_அக்கா:

வெள்ளை என்றால் நைலோனாக இருக்கப் போகிறது. ஒரு துண்டு சீவி நெருப்பில் காட்டினால் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், ஆனால் படகுக்குள் அதைச் செய்யாதே, வெளியே கொண்டுபோய்ச் செய். நைலோன் தண்ணீர் குடிக்கும் தம்பி. நைலோன் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் 8, 9 வீதம் வரை தண்ணீர் ஏற்றிக்கொள்ளும், அதற்கேற்ப வீங்கும். வெளிப்பக்கம் குழாய் இறுக்கிப் பிடித்திருப்பதால் வீக்கம் உள்பக்கம் போய்த் தண்டைக் கவ்விக்கொள்ளும். கடைந்த அன்று அளவு கச்சிதமாக இருந்திருக்கும், நம் ஊர் ஈரத்தில் சில மாதத்தில் கவ்வியிருக்கும். அதற்கு எந்தக் கிரீஸும் வழி இல்லை.

அசிடால் கேள், கடையில் டெல்ரின் அல்லது பிஓஎம் என்றால் எடுத்துக் கொடுப்பான். அது முழுக்க ஊறினாலும் ஏறக்குறைய 1 வீதம்தான். கடைவதும் சுலபம். உன் ஒர்க்‌ஷாப் லேத்திலேயே முடித்துவிடலாம், மேனேஜரிடம் சொல்லிவிட்டு.

லுமுட்_ரிக்கர்:

அக்கா நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் தம்பி, நாளைக்கே போய் அந்தப் புஷ்ஷை இழுத்துவிடாதே. தண்டின் தலையில் ஒரு காலர் பூட்டியிருக்கும். பல படகுகளில் சுக்கானின் மொத்தப் பாரமும் அந்தக் காலர் வழியாக மேல் புஷ்ஷின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். காலரைக் கழற்றினால் தண்டு சறுக்கிக்கொண்டு கீழே போகும், போன ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். படகு தண்ணீரில் இருக்கும்போது இந்த வேலை கிடையாது. நீ பேக்கிங் நட்டைத் தளர்த்தியதுகூடக் கால் சுற்றோடு நிறுத்தியதால் நல்லது. அந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்றும் சொல்லிவிடுகிறேன்: ப்ரொப்பெல்லர் தண்டுக்குச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வார்கள், அது வேகமாகச் சுற்றுவதால் குளிர்ச்சி வேண்டும். சுக்கான் தண்டு மெதுவாகத் திரும்புவது, அதற்குச் சொட்டு தேவையில்லை, கசிவு நிற்கும் இடத்தோடு இறுக்கத்தை நிறுத்து.

டிராவல் லிஃப்டில், அதாவது படகைத் தூக்குகிற சக்கரக் கிரேனில், கரையில் தூக்கி வைக்கச் சொல். அடியில் தாங்கல் இல்லாமல் தனியே தொங்குகிற சுக்கான் என்றால் தண்டு முழு நீளமும் கீழே இறங்கிவர இடம் வேண்டும், அதை முன்கூட்டியே பட்டறையில் சொன்னால் படகை உயர்த்தி வைப்பார்கள், இல்லையென்றால் அடியில் குழி தோண்ட வேண்டிவரும். இறக்கியதும் கீழ் புஷ் உட்காருகிற இடத்தில் தண்டை நகத்தால் தடவிப் பார், பள்ளம் விழுந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தானே தவிர, காற்றுப் படாத ஈரத்தில் குழி குழியாக அரிக்கும்.

கம்பி வாங்கும்போது 7க்கு 19 என்று சொல்லி வாங்கு. ஏழு முறுக்கு, ஒவ்வொன்றிலும் 19 இழை, வளைந்து கொடுக்கும். பாய்மரத்தைப் பிடிக்கிற 1க்கு 19 கம்பி அதே தடிமனில் பக்கத்திலேயே தொங்கும், விலையும் ஒத்துவரும், ஆனால் அது விறைப்பு, கப்பியில் சீக்கிரம் உடையும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, ஜோடியாக மாற்று. கம்பி முனையை மடித்துப் பிடிக்க யூ கிளாம்ப் போட்டால் யூ வளைவு வெட்டு முனைப் பக்கம், தட்டையான சேணம் பாரம் இழுக்கிற பக்கம், ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது இரண்டு.

பலகையை மாற்றும்போது மெல்லிசான ப்ளைவுட்டைத் திரும்பப் போடாதே. ஃபைபர் கிளாஸ் பலகை இல்லை நல்ல மரத்தில் ரெசின் பூசி, பின்னால் பெரிய வாஷர் கொடு. நூல் பிடித்துக் கப்பியை நேராக்கு, கம்பி வருகிற கோணம் போகிற கோணம் இரண்டும் பள்ளத்தின் நடுவில் விழ வேண்டும்.

இழுவிசை: சக்கரத்தைக் கயிறு போட்டு அசையாமல் கட்டிவிட்டு, குவாட்ரன்டை இரு கையாலும் அசைத்துப் பார். அசைவு இல்லாத இடத்தோடு நிறுத்தி லாக் நட்டைப் பூட்டி, கோட்டர் பின் போடு. அதற்கு மேல் முறுக்கினால் கப்பி எல்லாம் வீணாகப் பாரம் சுமக்கும், சுக்கான் தண்ணீரில் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாமல் போகும். கடலுக்கு ஒருமுறை போய் வந்த பிறகு திரும்பப் பார், புதுக் கம்பி கொஞ்சம் நீளும். கடைசியாக, சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் சுக்கானும் வலப்பக்கம்தான் திரும்புகிறதா என்று பார். சிரிக்காதே. சில தூண்களில் கம்பி அடியில் குறுக்கே மாறிப் போகும், புதிதாகப் போடும்போது அதை நேராகப் போட்டுவிட்டால் எல்லாம் தலைகீழ்.

பந்தாய்_ரெமிஸ்_காரன்:

இவ்வளவு பேசியும் எமர்ஜென்சி டில்லரை யாரும் கேட்கவில்லையே. கம்பி அறுந்தால் தண்டின் தலையில் நேராக மாட்டித் திருப்புகிற இரும்புக் கை, படகில் எங்காவது மூலையில் கிடக்கும். மாமாவிடம் கேள், அது எங்கே இருக்கிறது, தண்டுக்கு மேல் இருக்கிற மூடி கையால் திறக்கிறதா, மாட்டினால் சக்கரத்தில் இடிக்காமல் திரும்புகிறதா. ராஜா மூடா சிலாங்கூர் ரெகாட்டா ஓடுகிற வழிதான் உங்கள் மாமா போகப்போகிற வழி, கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு, லங்காவி, 1990 முதல் நவம்பரில் நடக்கிறது. நான் க்ரூவாகப் போயிருக்கிறேன். அந்தப் பக்கம் காற்றைவிடத் தண்ணீரில் மிதக்கிற சாமான்தான் தொல்லை, ஆற்று வாயிலிருந்து வருகிற மரக்கட்டை, கைவிட்ட வலை. ராத்திரியில் கட்டை சுக்கானில் மோதினால் மொத்த அடியும் இந்தக் கம்பிக்கும் தடுப்புக்கும்தான் வரும். தடுப்பு குவாட்ரன்டைத்தான் நிறுத்த வேண்டும், சங்கிலி பல் சக்கரத்தின் முனைக்கு ஓடி நிற்பதைத் தடுப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பின்பக்கமாக ஓட்டும்போதும் சக்கரத்தைக் கைவிடாதீர்கள், சுக்கான் படாரென்று ஒரு பக்கம் அடித்துவிடும்.

தோட்டத்து_ஸ்பேனர்:

டில்லர் இருந்தது அண்ணே, படுக்கைக்கு அடியில், பெயின்ட் டின்னுக்குப் பின்னால். தண்டின் மூடி திறக்க மறுத்தது, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து எடுத்தோம். மரையில் கொஞ்சம் லானோலின் கிரீஸ் தடவி மூடியிருக்கிறேன். மாட்டிப் பார்த்தோம், சக்கரத்தைக் கழற்றினால்தான் முழுசாகத் திரும்புகிறது, அதனால் சக்கர நட்டுக்கு ஏற்ற ஸ்பேனரை டில்லரோடு சேர்த்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

டிராவல் லிஃப்டுக்கு மாமா நாள் கேட்டு வைத்திருக்கிறார். அசிடால் உருளை ஈப்போவில் கிடைக்கிறது. அக்கா, தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி எவ்வளவு விடுவது? லோரி கிங்பின் புஷ் மாதிரி கச்சிதமாகவா?

மில்_ஃபிட்டர்_அக்கா:

கிங்பின் கணக்கு வேண்டாம், அது உலோகத்துக்கு உலோகம். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், அதோடு வெளிப்பக்கம் குழாயில் அழுத்திப் போடும்போதே உள் விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் முதலில் வெளிப்பக்கத்தை மட்டும் கடைந்து குழாயில் உட்கார வைத்துப் பார்த்து, பிறகு உள்பக்கத்தை முடி. தண்டைச் சுக்கானோடு இறக்கிய பிறகு மைக்ரோமீட்டரில் மூன்று நான்கு இடத்தில் அள, பழைய தண்டு வட்டமாகவே இருக்கும் என்று நம்பாதே. கையால் போட்டால் வழுக்கிக்கொண்டு போய், பக்கவாட்டில் அசைத்தால் மெல்ல உணர்கிற அளவு ஆட்டம் இருக்கட்டும். நைலோனை எடுத்ததும் தூக்கிப் போடாதே, காயவைத்து அளந்து பார், எவ்வளவு வீங்கியிருந்தது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

லுமுட்_ரிக்கர்:

கீழ் புஷ்ஷும் அதே ஆள் கடைந்த நைலோனாக இருக்கலாம், உருளை வாங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள். தூக்குகிற நாளைச் சொல், பக்கத்தில்தான் இருப்பேன், கம்பி முனை அழுத்துகிற மிஷினைக் கொண்டுவருகிறேன். யூ கிளாம்ப் தேவைப்படாது.